கண்ணுக்குத் தெரியாத மேகம்: கீழிருந்து பார்ப்பதா, மேலிருந்தா?

வெப்பமண்டலத்தில் 15 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் சில பனித்துகள் மேகங்கள் அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. ஒளியியல் தடிமன், அதாவது ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு, 0.03-க்கும் கீழ். லேசர் அடித்தால் அகப்படும்.

திருப்பதி பக்கம் காதங்கியில் உள்ள லிடார் (லேசர் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் கருவி) 532 நானோமீட்டர் பச்சை ஒளியை மேலே அனுப்புகிறது. ஒரே இடத்தில் நிற்பதால், தலைக்கு மேல் படலம் தடிப்பதையும் மெலிவதையும் இரவு முழுக்கத் தொடரலாம். பருவமழைக் காலத்தில் தாழ்மேகம் குறுக்கே வந்துவிட்டால் மட்டும் அன்றைய வேலை அவ்வளவுதான்.

லிடாரைச் சுமந்து சுற்றிய கலிப்சோ செயற்கைக்கோளுக்கு (2006–2023) அந்தத் தொல்லை இல்லை; அது மேலிருந்து பார்த்தது. இந்த மேகங்களின் உலகப் பரவலையும் அது காட்டியது. ஆனால் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்ததால் சமிக்ஞை பலவீனம். மெல்லிய படலத்தைக் கண்டுபிடிக்க, அது போகும் பாதையில் 80 கிலோமீட்டர் நீளம் வரை கிடைத்த சமிக்ஞைகளைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டியிருந்தது. பகல் வெயிலில் இன்னும் சிரமம். ஒரு மேகத்தின் போக்கை அறிய என் ஓட்டு காதங்கிக்கே.