மூக்கு கழுவும் பாட்டிலும் ஸ்ப்ரேயும்: மூன்று வருட அனுபவம்

ரசம் கொதிக்கிற வாசனையே தெரியாமல் இரண்டு வருடம் சமைத்திருக்கிறேன். பெருங்காயம் போட்டேனா என்று மகளைக் கூப்பிட்டு முகரச் சொல்வேன். மூக்கடைப்பும் கன்னத்துக் கனமும் பழகிவிட்டன. வாசனை போனதுதான் தாங்கவில்லை.

அதுவரை பார்த்த வைத்தியம், சளி மஞ்சளானால் ஐந்து நாள் ஆன்டிபயாடிக், நொச்சி போட்டு ஆவி. ராத்திரி மூச்சு விட சைலோமெட்டாசொலின் சொட்டு மருந்து. அதை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பைக் கூட்டும் என்பது தெரியாமல் மாதக்கணக்கில் விட்டேன்.

கடைசியில் ஒரு இ.என்.டி. டாக்டர் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். உரித்த திராட்சை மாதிரி வெளிறிய சதை, இரண்டு பக்கமும். பாலிப். சிடி ஸ்கேனில் காற்று நிறைந்து கறுப்பாக இருக்க வேண்டிய கன்னத்து அறைகள் சாம்பலாக இருந்தன. 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ், உள்தோலின் வீக்கம்தான் அடிப்படை என்றார். ஆன்டிபயாடிக் ஏன் பலிக்கவில்லை என்று அன்றுதான் புரிந்தது.

அப்புறம் தினம் இரண்டு வேலை. முதலில் 240 மில்லி வெதுவெதுப்பான உப்புநீரால் மூக்கு கழுவுவது. வாஷ்பேசினில் குனிந்து, வாயைத் திறந்து பாட்டிலை அழுத்தினால் அடுத்த துவாரம் வழியாக வந்துவிடும். மிச்சத் தண்ணீர் அரை மணி கழித்துக் கோலம் போடக் குனியும்போது கொட்டும், பயப்பட வேண்டாம். தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது.

அடுத்தது மொமெட்டாசோன் ஸ்ப்ரே, உள்வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து. முதல் மாதம் நடுத்தண்டைப் பார்த்து அடித்து ரத்தம் கசிந்தது. வலது கையால் இடது துவாரத்தில், கண்ணின் வெளிமுனையைப் பார்த்து அடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கசிவு நின்றது.

உடனே பலன் தெரியாது. எட்டாவது வாரம், கொத்தமல்லி நறுக்கும்போது வாசனை வந்தது. கத்தியை வைத்துவிட்டு அழுதேன்.

பாலிப் சுருங்காவிட்டால் ஆபரேஷன் என்றிருந்தார், இதுவரை தேவைப்படவில்லை. செய்தாலும் கழுவுவதும் ஸ்ப்ரேயும் தொடர வேண்டுமாம். போன மார்கழியில் சரியாகிவிட்டதே என்று ஒரு மாதம் விட்டேன், வாசனை மங்கத் தொடங்கியது. இப்போது விடுவதில்லை. பாட்டிலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.