40 கோடி ஆண்டுப் பழமை என்று எனக்கு விற்கப்பட்ட பிசின் பொம்மை

புதைபடிவம் வாங்க நினைப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மொராக்கோவில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலப் பாறையிலிருந்து எடுத்த டிரைலோபைட் (அழிந்துபோன, ஓடுடைய கடல் உயிரினம்) என்று சொல்லி இணையத்தில் ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பியது, சாயம் பூசிய பிசின் வார்ப்பு.

உடன் வந்த சான்றிதழில், கார்பன் காலக்கணிப்பின் மூலம் 40 கோடி ஆண்டு வயது உறுதிசெய்யப்பட்டதாக அச்சிட்டிருந்தார்கள். கார்பன்-14இன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள்தான் என்பதால், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எதையும் அதைக் கொண்டு அளக்க முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பெட்டியைப் பிரித்த மகிழ்ச்சியில் அந்த வரியைக் கவனிக்கத் தவறினேன்.

சில நாள்கள் கழித்து உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் ஐயம் எழுந்தது. ஃபாகோப்ஸ் என்ற டிரைலோபைட் வகையின் கண்ணில் கால்சைட் என்ற கனிமத்தால் ஆன வில்லைகள் தனித்தனி மணிகளாக வரிசையில் நிற்கும். என்னிடம் இருந்ததிலோ அவை ஒன்றோடொன்று குழைந்து, இடையிடையே ஊசிமுனை அளவிலான குழிகளோடு காணப்பட்டன; வார்க்கும்போது பிசினில் சிக்கிய காற்றுக் குமிழிகள் விட்ட குழிகள் அவை. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் விளிம்பைத் துடைத்தேன். பழுப்புச் சாயம் பஞ்சுக்கு வந்துவிட, அடியில் வெளிர்மஞ்சள் பிசின் தெரிந்தது. ஓட்டுக்கும் பாறைக்கும் இடையே எல்லையே இல்லை. இரண்டும் ஒரே அச்சில் ஊற்றப்பட்டவை.

உண்மையான டிரைலோபைட், கடலடியில் இறந்த உடலோ கழற்றிப் போட்ட ஓடோ சிதைவதற்குள் சேற்றில் விரைவாக மூடப்பட்டு, மேலே படிந்த அடுக்குகளின் அழுத்தத்தில் அந்தச் சேறு பாறையாக இறுகியதால் நமக்குக் கிடைப்பது. சில மாதிரிகள் சுருண்டு கிடப்பது ஆபத்தை உணர்ந்து உடலை மூடிக்கொண்ட கடைசி நிலையாக இருக்கலாம். இன்று வறண்ட மலையாக நிற்கும் இடம் ஒருகாலத்தில் கடலாக இருந்ததை அவை கிடைக்கும் அடுக்கு சொல்கிறது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் காலத்தின் இறுதியில் நிகழ்ந்த உயிரினப் பேரழிவுக்குப் பிந்தைய பாறைகளில் அவை அறவே இல்லை. எந்த அடுக்கிலிருந்தும் வராத பிசினுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

உடைந்த முள்ளை ஒட்டுவதும் சிறு பகுதியை நிரப்புவதும் இத்துறையில் வழக்கமே. வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் அதில் குற்றமில்லை. என் புகாருக்கு விற்பனையாளரும் “மறுசீரமைக்கப்பட்ட மாதிரி” என்றே பதில் எழுதினார். எந்தப் பகுதி அசல் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணமும் திரும்பாது என்றார். ஆகவே கிடைத்த இடம், பாறை அடுக்கின் பெயர், சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த படம் ஆகிய மூன்றையும் தராதவரிடம் வாங்காதீர்கள்.

அவருடைய விற்பனைப் பக்கத்தில் இப்போதும் நான்கு “தனித்துவமான” டிரைலோபைட்டுகள் உள்ளன. நான்கிலும் இடது ஓரத்தில், என்னுடையதில் இருக்கும் அதே சிறு உடைவு இருக்கிறது.