பாசிக்குடா, அறுகம்பே அறைகளும் 'நைட்லி' விலையும்: முன்பதிவுத் தளங்கள் பற்றி

இலங்கையின் கிழக்குக் கடற்கரையில் உள்ள பாசிக்குடா, அறுகம்பேயில் அறை தேட இணைய முன்பதிவுத் தளங்கள் வசதியானவை. படம், கட்டில் எண்ணிக்கை, கடற்கரைக்கான தூரம் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். விலை காட்டும் விதம்தான் சரியில்லை.

பெரிய எழுத்தில் வரும் 'நைட்லி ரேட்' ஓர் இரவுக்கான வாடகை. பெரும்பாலும் அறைக்குத்தான், ஆளுக்கு அல்ல. 24 மணிநேரக் கணக்கும் இல்லை: வழக்கமாகப் பிற்பகல் 2 மணிக்கு உள்ளே போனால் மறுநாள் 11 அல்லது 12 மணிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். வெள்ளி மாலை வந்து ஞாயிறு காலை போவோருக்கு இரண்டு இரவுதான். "மூன்று நாள்" என்று தொலைபேசியில் சொல்வதால்தான் கணக்கு குழம்புகிறது. இரவைச் சொல்லிக் கேளுங்கள்.

8,000 ரூபா என்று காட்டினால் இரண்டு இரவுக்கு 16,000. அதோடு 10% சேவைக் கட்டணம் சேர்ந்தால் 17,600. வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள ரிசார்ட்டில் அதன்மேல் 18% சேர்த்துக் கணக்கிட்டால் 20,768 ஆகும். பதிவில்லாத சிறிய விடுதிகள் வற் அறவிட முடியாது. பில்லில் இருந்தால் பதிவிலக்கம் கேளுங்கள்.

அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவத்தில் ஒவ்வோர் இரவுக்கும் வேறு விலை இருக்கலாம். அப்போது தளம் காட்டுவது சராசரியாக இருக்கலாம், ஆகவே ஓர் இரவைக் குறைத்தால் மொத்தம் நினைத்தபடி குறையாது. திகதிகளைப் போட்டு, கடைசிப் பக்கத்து மொத்தத்தைப் பார்த்த பிறகே அட்டை விவரம் கொடுங்கள். ஏசிக்குத் தனிக்காசா என்பதை விடுதிக்காரரிடமே கேட்பது நல்லது.

அறை விவரத்தில் 'நைட்லி மியூசிக்' என்றிருந்தால் தினமும் இரவில் பாட்டுச் சத்தம். குழந்தைகளோடு போவோர் வேறு அறை பார்க்கலாம்.