இரண்டாவது கடைக்கு நெப்போலியன் வழியா, நெல்சன் வழியா?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரே கடையோடு இருந்த காலத்தில், எல்லாவற்றையும் தானே முடிவெடுக்கும் நெப்போலியன் வழி எனக்குப் போதுமாயிருந்தது. முதலாளி கல்லாவில் இருந்தால் எல்லாம் கண்முன்னே நடக்கும். 1805 டிசம்பரில் அவுஸ்டர்லிட்ஸில் நெப்போலியன் வென்றதும் தானே களத்தில் நின்றுதான். சுன்னாகத்தில் கிளை திறந்த பிறகுதான் சிக்கல்.

போன நல்லூர்த் திருவிழாவில் ஒருநாள் ஃபோனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். சுன்னாகக் கடைக்கு வந்த மேசன் ஒருவர் அறுபது பை சீமெந்து கேட்டு, பைக்கு இருபது ரூபா குறைக்கச் சொல்லியிருக்கிறார். கடைப் பொடியன் எனக்குப் பதினொரு தரம் கோல் எடுத்திருக்கிறான். அவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். "நீங்கள் சொல்லாமல் எப்பிடி அண்ணை குறைக்கிறது?" என்றான். அவனில் பிழையில்லை.

1815 ஜூன் 18, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ. எதிரிகளில் ஒரு பகுதியான பிரஷ்யப் படையைத் துரத்தச் சொல்லி ஏறக்குறைய 33,000 பேருடன் அனுப்பப்பட்டிருந்தார் அவருடைய தளபதி குரூஷி. தூரத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் போவோம் என்று அவருக்குக் கீழிருந்த தளபதி ஜெரார் மன்றாடியும், கையிலிருந்த கட்டளைப்படி குரூஷி வாவ்ர் என்ற ஊருக்கே போனார். பிரஷ்யரோ வாட்டர்லூ வந்து சேர்ந்துவிட்டார்கள். குரூஷியை ஏசுகிறவர்கள் அதிகம். என் கோபம் அவரை அப்படிப் பழக்கிய நெப்போலியன் மேல்தான்.

யுத்தத்தை வாழ்ந்து பார்த்த ஊரிலிருந்து இதை எழுதச் சங்கடமாயிருக்கிறது. எங்கள் கடைகளில் போவது வியாபாரம் மட்டும்தான், அங்கே போனது உயிர்கள்.

பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன் செய்தது வேறு. ட்ரபல்கார் கடற்சண்டைக்கு முந்திய வாரங்களில் கப்டன்களைத் தன் கப்பலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுத் திட்டத்தை விளக்கினார். சமிக்ஞை தெரியாவிட்டால் எதிரிக் கப்பலோடு பக்கத்தில் அணைந்து சண்டை பிடி, அது பெரிய பிழையாகாது என்று எழுதியும் கொடுத்தார். 1805 அக்டோபர் 21 அன்று பிரெஞ்சு, ஸ்பானியரின் 33 போர்க்கப்பல்களுக்கு எதிரே நெல்சனிடம் 27. நடுவில் நெல்சன் சுடப்பட்டு விழுந்தார், சண்டை நிற்கவில்லை. பிரித்தானியர் ஒரு கப்பலையும் இழக்கவில்லை.

என் தெரிவு நெல்சன்தான். ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டுப் பொறுப்பை மட்டும் கொடுப்பது கைவிடுவதுதான். ஒரு ஞாயிறு பொடியனோடு இருந்து ஒவ்வொரு சாமானும் என்ன விலைக்கு வருகிறது, எதுவரை இறங்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது விலையை அவனே முடிவெடுத்துக் கொப்பியில் எழுதுகிறான், சனிக்கிழமை பார்க்கிறேன். கடன் கொடுப்பதற்கு மட்டும் இன்னும் என்னைக் கேட்கவேண்டும்.