கரண்ட் விலை காட்டும் பெட்டியும் அதன் அப்டேட்களும்: பதினேழு மாதம் பாவித்த பிறகு

2024 நவம்பரில் 699 குரோனர் கொடுத்து வாங்கினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் திரை, மின்தாள் (ஈ-பேப்பர்) வகை, அதற்குக் கீழே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும் ஒரு வெளிச்சக் கோடு. வைஃபையில் இணைத்துக் குசினிச் சுவரில் மாட்டினால் கரண்ட் இப்போது என்ன விலை, அடுத்து எப்போது குறையும் என்று காட்டும். இங்கே டென்மார்க்கில் ஹேர்னிங் பக்கத்தில் நாலைந்து தமிழ் வீடுகளில் இதே பெட்டியைப் பார்த்திருக்கிறேன். போன கிழமை கோயிலில் ஒரு அண்ணை "வாங்கலாமோ தம்பி?" என்று கேட்டார், நின்ற இடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த வகைப் பெட்டி எதை வாங்கினாலும் இதே விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும்.

டென்மார்க்குக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எங்களைப் போல ஸ்பொட் விலை, அதாவது மின்சந்தை விலை, ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கு கரண்ட் விலை நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். நாளைக்கான விலை இன்று மத்தியானம் ஒரு மணி அளவில் வரும். நாடு இரண்டு விலைப் பகுதியாகப் பிரிந்திருக்கிறது: யூலாண்டும் ஃபூனும் டிகே1, கொப்பன்ஹேகன் பக்கம் டிகே2. அந்த ஸ்பொட் விலைக்கு மேல் வலையமைப்புக் கட்டணம் (கரண்டை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பிக்கான கட்டணம்) வரும், அது பின்னேரம் 17 மணி முதல் 21 மணி வரை அதிகம், நள்ளிரவு முதல் காலை 6 வரை குறைவு, குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதற்கு மேல் அரசின் மின்வரி, எல்லாவற்றுக்கும் மேல் 25 வீதம் வற் (பெறுமதி சேர் வரி). ஆக, பெட்டி காட்டும் ஒரு இலக்கத்துக்குள் நாலு கணக்கு இருக்கிறது. அதில் ஒன்று பிழைத்தாலும் மொத்தமும் பிழை.

எங்கள் வீட்டில் இதை அதிகம் பாவிப்பது அம்மா. அவவுக்கு டேனிஷ் வாசிக்க வராது, போனில் ஆப் திறந்து பார்ப்பதும் பிடிக்காது. ஆனால் பச்சை எரிந்தால் கோப்பை கழுவுற மெஷினைப் போடலாம், சிவப்பு எரிந்தால் உளுந்து அரைக்கிறதைப் பிறகு பார்க்கலாம் என்று முதல் கிழமையிலேயே பிடித்துக்கொண்டா. கிறைண்டர் பெரிதாகக் கரண்ட் இழுக்காது என்று சொல்லியும் பார்த்தேன், கேட்கவில்லை. உடுப்புத் தோய்ப்பது, ஓவனில் எதையும் வைப்பது எல்லாம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான். முதல் பத்து மாதம் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அந்த நேரம் யாராவது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் 2025 ஒக்டோபர் முதலாம் திகதி வந்தது. அன்று முதல் ஐரோப்பிய மின்சந்தையில் நாளைய விலை மணித்தியாலக் கணக்கில் இருந்து பதினைந்து நிமிடக் கணக்குக்கு மாறியது. ஒரு நாளுக்கு 24 விலை இருந்த இடத்தில் 96 விலை. இது திடீரென்று வந்த மாற்றம் கிடையாது, முதலில் ஜூனில் நடக்க இருந்ததைத் தள்ளிப்போட்டுத்தான் ஒக்டோபருக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே விலைத் தரவை இலவசமாகக் கொடுக்கும் எனர்கினெற்றின் (அரசின் மின்வலையமைப்பு நிறுவனம்) தரவுச் சேவையும் பழைய மணித்தியாலப் பட்டியலை செப்டெம்பர் 30உடன் நிறுத்திப் புதிய பட்டியலைத் தொடங்கியது. எங்கள் பெட்டி பழைய பட்டியலையே தேடிக்கொண்டு நின்றிருக்கிறது. முதலாம் திகதி காலை நான் வேலைக்குப் போகும் வழியில் அம்மா போன் எடுத்தா: "தம்பி, பெட்டியில கோடு மட்டும்தான் நிக்குது, வெளிச்சம் இல்லை." வீட்டுக்கு வந்து பார்த்தால் விலை வர வேண்டிய இடத்தில் மூன்று சின்னக் கோடு. கழற்றி மாட்டினேன், வைஃபையை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். நாலு நாள் கழித்து "அப்டேட் தயாராகிறது" என்று ஒரு வரி வந்தது. ஒன்பதாம் திகதி அப்டேட் வந்தது. ஒன்பது நாள் சுவரில் வெறும் பெட்டி. மாதக்கணக்காகத் தெரிந்த ஒரு திகதிக்கு, விலை காட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் தயாராக இருக்கவில்லை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

வந்த அப்டேட்டும் அவசரத்தில் செய்தது என்று பார்த்த உடனேயே தெரிந்தது. திரையின் அகலம் 400 புள்ளி. முன்பு மணித்தியாலத்துக்கு ஒன்றாக விலையைக் காட்டும் 24 தூண் நின்றபோது ஒவ்வொன்றும் பதினாறு புள்ளி அகலம், குசினி வாசலில் நின்றே பார்க்கலாம். இப்போது 96 தூண், ஒன்றுக்கு நாலு புள்ளி. கிட்டப் போய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் சீப்புப் பல் மாதிரித்தான் தெரிந்தது. நல்லதையும் சொல்ல வேண்டும்: கால்மணிக் கணக்கு வந்த பிறகுதான் வெயில் இறங்கும் பின்னேரங்களில் ஒரே மணித்தியாலத்துக்குள் முதல் காலுக்கும் கடைசிக் காலுக்கும் விலை எவ்வளவு ஏறுகிறது என்று கண்ணால் கண்டேன், அது மணித்தியாலச் சராசரியில் ஒருபோதும் தெரிந்திருக்காது. நவம்பரில் வந்த அடுத்த அப்டேட்டில் தூண்களை மணித்தியாலமாகச் சேர்த்துக் காட்டும் தெரிவு ஒன்றையும் போட்டார்கள், அம்மாவுக்கு அதைத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு உண்மையில் கோபம் வந்தது ஒக்டோபர் 26ஆம் திகதி. ஞாயிற்றுக்கிழமை, மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பும் நாள். அன்று 25 மணித்தியாலம், ஆகவே 100 கால்மணி. அப்டேட் எழுதியவர்கள் ஒரு நாளுக்கு எப்போதும் 96 தான் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். இரவு 2 மணி இரண்டு தரம் வருகிறதே, அதற்குப் பிறகு நாள் முழுவதும் பெட்டி ஒரு மணித்தியாலம் முந்திய விலையைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னேரம் ஆறு மணிக்கு ஐந்து மணி விலை. திரையில் கோடு இல்லை, எச்சரிக்கை இல்லை, நிறம் வழமை போல மாறுகிறது, எல்லாம் சரியாக இயங்குவது போலவே இருந்தது. போனில் மின் நிறுவனத்தின் ஆப்பைத் தற்செயலாகத் திறந்தபோதுதான் இரண்டும் பொருந்தவில்லை என்று கண்டேன். வெறுமையாக நிற்கும் பெட்டியை யாரும் நம்பமாட்டார்கள், பிழையான விலையைத் தெளிவாகக் காட்டும் பெட்டியை அம்மா நம்பினா. அடுத்த நாள் தானாகவே சரியாகிவிட்டது. எழுதிக் கேட்டதற்கு "ஒரு நாள் பிரச்சினைதானே" என்ற தொனியில் பதில். வருடத்தில் இரண்டு நாள், மார்ச்சில் ஒன்று ஒக்டோபரில் ஒன்று, எப்போது என்று நாட்காட்டியிலேயே இருக்கிறது. இதைக் கவனிக்காமல் நேரத்தை வைத்து விலை சொல்லும் ஒரு கருவியை விற்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் இவர்களைப் பாராட்டுகிறேன். நவம்பர் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். திரையில் மெல்லிய பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நிறைகிறது, 64 வீதத்தில் நின்றுவிட்டது. றவுட்டர் அந்த நேரம் பார்த்து விழுந்திருக்கிறது. வெளிச்சக் கோடு அணைந்து திரை அப்படியே உறைந்தது. பத்து நிமிடம் தொடாமல் விட்டேன், வயிற்றைக் கலக்கியது, 699 குரோனர் போச்சு என்றுதான் நினைத்தேன். பிறகு பெட்டி தானாக ஒருமுறை கறுத்து வெளுத்து, பழைய பதிப்போடு எழும்பி விலையைக் காட்டத் தொடங்கியது. அடுத்த நாள் இரவு அதே அப்டேட் முழுமையாக இறங்கியது.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே இருப்பது ஈஎஸ்பி32 சிப். இந்தச் சிப்பில் நினைவகத்தை இரண்டு அறையாகப் பிரிக்கலாம். ஒரு அறையில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் அப்படியே இருக்க, புதியது மற்ற அறையில் எழுதப்படும். முழுவதும் எழுதிச் சரிபார்த்த பிறகுதான் அடுத்த தடவை எங்கிருந்து எழும்புவது என்ற குறிப்பு மாறும். பாதியில் நின்றால் பழையது அப்படியே கிடக்கும். இந்த வசதி சிப்போடு வருவதுதான், ஆனால் நினைவகம் மிச்சம் பிடிக்க இதைச் செய்யாமல் விடுகிறவர்களும் இருப்பார்கள். இவர்கள் செய்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. இன்னொரு பக்கம், எப்போது அப்டேட் செய்ய வேண்டும் என்று எங்களிடம் கேட்பதே இல்லை, என்ன மாற்றினோம் என்றும் எங்கேயும் எழுதுவதில்லை. பதிப்பு இலக்கம் ஒன்று கூடியிருக்கும், அவ்வளவுதான்.

இனி ஜனவரி. டென்மார்க் அரசு 2026க்கும் 2027க்கும் மின்வரியை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கியது. இங்கே குரோனரின் நூறில் ஒன்றை ஓரே என்பார்கள், வீட்டில் நாங்கள் சதம் என்றே சொல்வோம். வற்றோடு சேர்த்து யூனிட்டுக்கு 90 சதமளவில் இருந்த வரி ஜனவரி முதலாம் திகதி ஒரு சதம் ஆனது. எங்கள் பெட்டி ஆறாம் திகதி வரை பழைய வரியையே கூட்டிக் காட்டியது. காரணம், வரியை ஃபேர்ம்வெயருக்குள், அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருளுக்குள், ஒரு இலக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மாற்ற அப்டேட் வர வேண்டும். வலையமைப்புக் கட்டணமும் வரியும் டேட்டாஹப் (நாட்டின் மின்கணக்குத் தரவு மையம்) விலைப்பட்டியலாக அதே எனர்கினெற் சேவையில் யாரும் எடுக்கக் கூடியபடி கிடக்கின்றன. ஸ்பொட் விலையை நாள்தோறும் போய் எடுக்கும் பெட்டி, அதே கதவுக்குள் இருக்கும் இந்தப் பட்டியலையும் கிழமைக்கு ஒருமுறை எடுத்தால் போதும், வரி மாறினாலும் கட்டணம் மாறினாலும் யாரும் அப்டேட் எழுத வேண்டிய தேவையே இல்லை. மாறும் என்று தெரிந்த எதையும் ஃபேர்ம்வெயருக்குள் பூட்டி வைக்கக் கூடாது. ஃபேர்ம்வெயர் அப்டேட் பிழை திருத்தவும் பாதுகாப்புக்கும் வர வேண்டிய ஒன்று.

ஆறாம் திகதி அப்டேட் வந்து வரி சரியானது. உடனே வேறு சிக்கல். எத்தனை குரோனருக்குக் கீழே பச்சை, எத்தனைக்கு மேலே சிவப்பு என்ற எல்லைகளைப் பழைய வரியை வைத்துப் போட்டிருந்தார்கள். மொத்த விலை 89 சதம் இறங்கியதும் அநேகமாக எல்லா நேரமும் பச்சை. சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு நான் வீட்டுக்குள் வரும்போது தோய்க்கிற மெஷின் ஓடுகிறது, ஓவனில் ரோல்ஸ், கோப்பை மெஷின் அப்போதுதான் தொடங்கி உறுமுகிறது. "பச்சைதானே எரியுது" என்றா அம்மா. அவ சொன்னது சரி. ஆனால் 17 மணி முதல் 21 மணி வரையான அந்த நாலு மணித்தியாலம்தான் குளிர்காலத்தில் வலையமைப்புக் கட்டணம் ஆகக் கூடிய நேரம், அதே வேலையை இரவு பத்துக்குப் பிறகு போட்டிருந்தால் குறைவாக வந்திருக்கும். ஒரு வருடமாகப் பழகிய பழக்கம் ஒரு அப்டேட்டில் குழம்பிப் போனது. ஃபெப்ரவரியில் எல்லைகளை நாமே வைக்கலாம், அல்லது அந்தந்த நாளின் விலைக்குள் ஒப்பிட்டு நிறம் காட்டச் சொல்லலாம் என்று மாற்றினார்கள். நான் இரண்டாவதை வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் ஒரே விலை போகும் நாட்களில் வீணாகச் சிவப்புக் காட்டும் என்பது அதில் உள்ள குறை, ஆனாலும் எந்த நேரம் மலிவு என்ற கேள்விக்கு அதுதான் சரியான பதில்.

மார்ச் 29, 23 மணித்தியால நாள், 92 கால்மணி. காலை எழும்பியதும் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பொருந்தியது. மத்தியானம் பார்த்தேன், பின்னேரமும் பார்த்தேன், எல்லாம் சரி. யாரோ உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள், மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

சரி, வாங்கலாமா? திரை நல்லது, வெளிச்சக் கோடு அருமையான யோசனை, வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைவிட இலகுவான ஒன்றை நான் காணவில்லை. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அப்டேட்கள் நேரத்துக்கு வந்திருந்தால் நாலரை. வாங்குவதற்கு முதல் விற்பவரிடம் கேளுங்கள்: எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள், வரியும் கட்டணமும் தானாக மாறுமா, உங்கள் சேர்வர் நின்றுபோனால் பெட்டி விலை காட்டுமா. எங்கள் பெட்டியின் அட்டையில் அப்டேட் காலம் பற்றி ஒரு சொல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இணையப் பாதுகாப்புச் சட்டம் 2027 டிசெம்பர் 11 முதல் முழுமையாக நடைமுறைக்கு வருகிறது, அதன்படி இப்படியான பொருளுக்குப் பொதுவாகக் குறைந்தது ஐந்து வருடம் பாதுகாப்பு அப்டேட் கொடுக்க வேண்டும், எத்தனை காலம் என்று வாங்கும்போதே சொல்லவும் வேண்டும். அதுவரை நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். கணினியில் கை வைக்கப் பயமில்லாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட், ஈஎஸ்பிஹோம் என்ற இலவச மென்பொருள்களை வைத்து இதே மாதிரி ஒன்றைத் தாங்களே செய்யலாம், பிழை வந்தால் அன்றைக்கே திருத்தலாம், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும்.

கோயிலில் கேட்ட அண்ணைக்கு என் பதில்: மலிவு விற்பனையில் வந்தால் வாங்குங்கள், முழு விலைக்கு இப்போது வேண்டாம். இந்த வருடம் ஒக்டோபர் 25ஆம் திகதி மீண்டும் 25 மணித்தியால நாள் வருகிறது. அன்று காலை முதல் இரவு வரை போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இதன் கீழேயே எழுதுகிறேன்.