14,500 ரூபாய் போனது: புறக்கோட்டையில் மில்லிகிராம் தராசு வாங்கப் போகிறவர்கள் வாசியுங்கள்

14,500 ரூபாய். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டிஜிட்டல் தராசுக்கு நான் கொடுத்த காசு. இன்று காலை அந்தக் கடையில் "இனி இதைக் கொண்டு இங்க வர வேணாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வெள்ளவத்தையில் வீட்டிலேயே நெல்லி, பாஷன் புரூட் கோர்டியல் செய்து விற்கிறேன். கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் மெட்டாபைசல்பைட் ஒரு லீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் போக வேண்டும். கூடினால் தொண்டையில் அடிக்கும், ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பே வந்துவிடும். குறைந்தால் போத்தல் புளித்துப் பொங்கும். ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும் சமையல் தராசை வைத்து இந்த வேலை செய்ய முடியாது.

கடையின் பெயரைப் போடவில்லை. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் தராசு, பற்றரி, சார்ஜர் என்று கலந்து விற்கிற ஒரு கடை. பெட்டியில் தோட்டாப் படம் இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். "அக்கா, வெளிநாட்டில வீட்டிலேயே தோட்டாவுக்கு மருந்து நிரப்புறவங்க பாவிக்கிற தராசு இது. அளவு கூடினாத் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அவங்களே இதை நம்புறாங்க, உங்க கோர்டியலுக்குப் போதாதா?" என்றான் அந்தத் தம்பி. கூடவே வந்த 20 கிராம் படிக்கல்லை வைத்துக் காட்டினான். 20.000 என்று நின்றது. காசை எண்ணிக் கொடுத்தேன்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அமெரிக்கா போன்ற இடங்களில் அப்படி நிரப்புகிறவர்கள் கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 64.8 மில்லிகிராம். சில கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு மருந்து நாலைந்து கிரெயின்தான், ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் கவனிப்பார்கள். அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. உண்மையைச் சொல்லிக் குப்பையை விற்றிருக்கிறான்.

வீட்டில் ஒரே தூளை, ஒரே தட்டில், எடுத்து எடுத்து வைத்தேன். 0.820, பிறகு 0.911, பிறகு 0.774. மின்விசிறியை நிறுத்தினேன், யன்னலைச் சாத்தினேன், புதுப் பற்றரி போட்டேன். மாறவில்லை. அதைவிடப் பயங்கரம், தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் எண் அசையவே இல்லை. தட்டைத் தூக்கி மறுபடி வைத்தால் திடீரென்று ஏறியது. மலிவான தராசுகள் பல, மெதுவாக வரும் சின்ன மாற்றத்தைத் தாமாகவே பூச்சியமாக்கிவிடும். அதை நம்பித் தோட்டா நிரப்புகிறவன் கதி என்ன?

செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடை ஐயாவிடம் அந்தப் படிக்கல்லைக் கொண்டு போனேன். அவருடைய முத்திரை போட்ட தராசில் 19.6 கிராம். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். கடையில் 20.000 காட்டிய மாயம் இதுதான்: பிழையான கல்லை 20 என்று தராசுக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போன் எடுத்தால் முதலில் "மேசை சரிவாக இருக்கும் மிஸ்". அப்புறம் "வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில அனுப்புங்க". அனுப்பினேன், நீல நிறச் சரி அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. நேரே போனால் முதலாளி இல்லை. அடுத்த முறை பெட்டியின் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதாம். திறக்காமல் எப்படி நிறுப்பது? இன்றைக்கு "கெமிக்கல் பட்டால் வாரண்டி இல்லை". 14,500 ரூபாய்க்கு அவர்கள் கொடுத்த கடைசிப் பதில் அது. என்ன அளவு போனது என்று தெரியாததால் செய்து வைத்த பாஷன் புரூட் முழுவதையும் கொட்டினேன். பிள்ளைகள் குடிக்கிற சாமான், வேறு வழியில்லை.

விளக்கமாக எழுத இப்போது பொறுமை இல்லை. 0.001 என்று காட்டுவது வேறு, 0.001 வரை சரியாக நிறுப்பது வேறு. கடைக்காரனின் படிக்கல்லை நம்பாதீர்கள், வெளியில் சரிபார்த்த கல்லைக் கொண்டு போங்கள். ஒரே பொருளைப் பலமுறை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். தூவி நிறுக்கும்போது இடையிடையே தட்டைத் தூக்கி வையுங்கள். பில்லில் மாடல் நம்பரும் வாரண்டிக் காலமும் எழுத வையுங்கள். என்னுடையதில் வெறும் "ஸ்கேல் 1, 14,500" என்றுதான் இருக்கிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடப் போகிறேன். இதே தோட்டாப் படம் போட்ட பெட்டியை வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லை எறிந்துவிடாதீர்கள், நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.