அடர்த்தி வேறான இரண்டு மானிட்டர்கள்: லினக்ஸில் ஸ்கேலிங்கும் தமிழ் எழுத்தின் தெளிவும்

27 அங்குல 4கே (3840×2160 பிக்சல்) மானிட்டர் ஒன்றையும் அதனருகே 24 அங்குல 1080பி (1920×1080) மானிட்டர் ஒன்றையும் வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் தமிழும் ஆங்கிலமும் கலந்து தட்டச்சு செய்வது என் வேலை. முன்னதில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 163 பிக்சல்கள், பின்னதில் 92. தொல்லைகள் அனைத்தும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒரே அடர்த்தியுள்ள இரண்டு மானிட்டர்களை வைத்திருப்பவர்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11 அமர்வில் சில ஆண்டுகள் ஓட்டினேன். அங்கே எழுத்துருக்களுக்கான டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற மதிப்பு) முழு அமர்வுக்கும் ஒன்றே. 4கே திரைக்காக 96-ஐ 144 ஆக்கினால், பழைய மானிட்டரில் மெனுக்களும் பொத்தான்களும் பூதாகரமாகத் தெரியும். எக்ஸ்ரேண்டர் கட்டளையால் பழைய திரையை மட்டும் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து சுருக்கிக் காட்டலாம். அளவு சரியாகும், ஆனால் எழுத்தின் ஓரங்கள் கரைந்துவிடும். நிலைமை மாறியது எக்ஸ்11-க்கு மாற்றான புதிய அமைப்பு வேலண்டுக்கு வந்த பிறகுதான். அதில் ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்கேல் (உருப்பெருக்க அளவு) உண்டு. ஒரு சாளரத்தை இங்கிருந்து அங்கே இழுத்தால் அதன் அளவு தானாகவே மாறிக்கொள்கிறது.

ஆனாலும் வேலண்டில் தொடக்கத்தில் முழு எண் ஸ்கேல் மட்டுமே இருந்தது. 150 சதவீதம் கேட்டால், செயலி 2560×1440-இன் (3840×2160-ஐ 1.5-ஆல் வகுத்த அளவு) இரண்டு மடங்கில், அதாவது 5120×2880 பிக்சல் பரப்பில் வரையும். அந்தப் படத்தை டெஸ்க்டாப் 3840×2160-க்குச் சுருக்கும். பார்வைக்கு இது மோசமில்லை என்றாலும், கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேலை கூடும். எழுத்தின் கூர்மையும் ஒரு பங்கு மழுங்கும். 2022 நவம்பரில் 1.5 போன்ற பின்ன ஸ்கேலிங்குக்கான நெறிமுறை சேர்க்கப்பட்ட பின், "உனக்குரிய அளவு 120-இல் 180 பங்கு", அதாவது ஒன்றரை மடங்கு, என்று டெஸ்க்டாப் செயலிக்கு நேரடியாகவே சொல்ல முடிகிறது. செயலி அதே அளவில் வரைந்து தர, சுருக்கும் படியே இல்லாமல் போகிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்புகளில் ஒன்றான கேடிஇ பிளாஸ்மாவில் 5.27-இலிருந்து இந்த வசதி கிடைத்தது. நான் பிளாஸ்மா 6-இல் தங்கிவிட்டதற்கு முதன்மைக் காரணமும் இதுவே. மற்றொரு டெஸ்க்டாப்பான க்னோமில், செயலிகளின் சாளரங்களை வரையும் நூலகமான ஜிடிகே 4.14-இல் வந்த புதிய வரைவு இயந்திரம் இவ்வகையில் நல்ல முன்னேற்றம். ஜிடிகே 3-ஐச் சார்ந்த கிம்ப் 3, இங்க்ஸ்கேப் போன்ற படச் செயலிகள் மட்டும் இன்னமும் இரண்டு மடங்கில் வரைந்து சுருக்கும் பழைய வழியிலேயே இருக்கின்றன.

எந்தச் செயலி எந்த வழியில் வரைகிறது என்பதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை எளியது. "கண்ணன் எண்ணினான்" என்று 10 புள்ளி அளவில் தட்டச்சு செய்து, 4கே திரையில் கூர்ந்து பார்ப்பேன். நேரடியாக வரையப்பட்டால் மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் தனித்தனியே தெரியும். மேலிருக்கும் புள்ளி அடர் கறுப்பாக நிற்கும். வேலண்ட் அறியாத பழைய செயலிகளைப்போலச் சிறிதாக வரைந்து ஊதிப் பெருக்கிய படமானால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ணகரமும் னகரமும் ஏறக்குறைய ஒரே உருவாகும். புள்ளி சாம்பல் கறையாகிவிடும். ஆங்கில எழுத்துகளை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வேறுபாடு அவ்வளவு எளிதில் பிடிபடாது.

ஸ்கேல் மதிப்பைத் தேர்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. 163-ஐ 1.75-ஆல் வகுத்தால் 93 வருகிறது. ஆகவே 175 சதவீதம் வைத்தால் இரண்டு திரைகளிலும் எழுத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். ஆனால் 3840-ஐ 1.75-ஆல் வகுத்தால் முழு எண் கிடைப்பதில்லை. 150 வைத்தால் 2560×1440 என்று சுத்தமாக வகுபடும். பழைய திரையில் எழுத்து சற்றுப் பெரிதாகத் தெரிவதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இட வசதியும் கூடுதலாகக் கிடைப்பதால் நான் 150-ஐயே வைத்திருக்கிறேன்.

எழுத்துரு அமைப்புகளைப் பற்றி இணையத்தில் உலவும் அறிவுரைகளில் பாதி, எல்லோரும் ஒற்றைத் திரை வைத்திருந்த காலத்தவை. பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்புள்ளிகளைத் தனித்தனியே பயன்படுத்தும் முறை 92 அடர்த்தியில் உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அந்த வரிசையை அமைப்புகளில் ஒன்றாகத்தான் குறிப்பிட முடியும். நீண்ட கோப்புகளைப் படிப்பதற்காகப் பழைய மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பியபோது, துணைப்புள்ளிகளும் கூடவே திரும்பிவிட்டதால் எழுத்துகளின் விளிம்பில் இளஞ்சிவப்புச் சாயல் ஏறியது. ஜிடிகே 4 செயலிகளோ அந்த முறையையே கைவிட்டுச் எழுத்தின் விளிம்புகளைச் சாம்பல் நிறத்தால் மென்மையாக்கும் சீராக்கத்தை மட்டும் செய்கின்றன. ஆகவே முழு அமர்வையும் சாம்பல் முறைக்கு மாற்றி, எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டங்களோடு பொருத்தும் ஹின்டிங்கை "லேசானது" என்ற அளவில் நிறுத்திவிட்டேன். ஹின்டிங்கை முழுமையாக வைத்தால் ஆங்கிலம் நறுக்கென்று நிற்கும். தமிழ்ச் சுழிகள் சதுரமாகி, கண்ணை உறுத்தும்.

தமிழுக்கு எந்த எழுத்துரு வருகிறது என்பதையும் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது. டெஸ்க்டாப்பின் ஆங்கில எழுத்துருவில் தமிழ் இல்லாதபோது, எழுத்துருத் தேர்வைக் கவனிக்கும் ஃபான்ட்கான்ஃபிக் தானாகவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். தேர்வு செயலிக்குச் செயலி வேறுபடவும் கூடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை முதல் விருப்பமாக எழுதி வைத்த பிறகு, பழைய திரையில் மெல்லிய கோடுகள் மங்கும் குறை வெகுவாகக் குறைந்தது. அங்கே வழக்கமான தடிமனுக்குப் பதிலாக மீடியம் தடிமன் இன்னும் நன்றாகப் படிக்க வருகிறது.

எஞ்சியிருப்பது, எக்ஸ்11-க்காக எழுதப்பட்ட செயலிகளை வேலண்டில் ஓடவைக்கும் எக்ஸ்வேலண்ட். வேலண்ட் அறியாத பழைய செயலிகளை டெஸ்க்டாப்பே பெரிதாக்கட்டுமா, செயலிகளே பார்த்துக்கொள்ளட்டுமா என்று பிளாஸ்மா கேட்கிறது. விடை எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானது. இரண்டாவதைத் தேர்ந்தால், ஸ்கேலிங்கே தெரியாத என் பழைய ஜாவாக் கணக்குச் செயலி எறும்பளவில் தெரிகிறது. முதலாவதைத் தேர்ந்தால் 4கே திரையில் மங்குகிறது. 100 சதவீதத்தில் இருக்கும் பழைய திரையில் துல்லியமாக நிற்கிறது. உலாவியும், வலைத் தொழில்நுட்பத்தால் கட்டப்பட்ட எலக்ட்ரான் செயலிகளும் இப்போது வேலண்டிலேயே நேரடியாக ஓடுவதால் முதலாவதைத் தேர்ந்துகொண்டு, கணக்குச் செயலி எப்போதும் 24 அங்குலத் திரையிலேயே திறக்குமாறு சாளர விதி ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன்.